நான்கு தவறுகளை வைத்துப் பிழை நிகழ்தகவு போடலாமா?

போடாதீர்கள். பினாங்கு பாயான் லெப்பாஸில் உள்ள உங்கள் தொழிற்சாலையில் ஆறு மாதத்தில் பதிவான நான்கு லேபல் மாறாட்டங்களை மட்டும் காட்டியதால்தான் மேற்பார்வையாளர் உங்கள் ஆய்வு முன்மொழிவைத் திருப்பியிருப்பார் என்று நினைக்கிறேன். பின்னத்தின் தொகுதி (மேல் எண்) இருக்கிறது, பகுதி (கீழ் எண்) இல்லை. அந்த ஆறு மாதத்தில் மொத்தம் எத்தனை லேபல் ஒட்டினார்கள்? உற்பத்திப் பதிவேட்டில் அது கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கிடைத்தாலும் நான்கு ரொம்பச் சின்ன எண். போதாததற்கு, ஒட்டியவரே கவனித்துத் திருத்திய தவறுகள் எதுவும் பதிவேட்டுக்கே வந்திருக்காது. அதனால் மனிதத் தவறின் வாய்ப்பை மதிப்பிடும் ஹார்ட் (HEART) முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1980களில் வில்லியம்ஸ் என்பவர் உருவாக்கியது. வேலை வகைக்கு ஓர் அடிப்படை எண், அதைப் பெருக்க 38 சூழல் காரணிகள். லேபல் ஒட்டுவதைப் போலப் பழகிப்போன, வேகமான, அதிகத் திறமை தேவைப்படாத வேலைக்கு அடிப்படை 0.02. நேர நெருக்கடிக்கு உச்சப் பெருக்கம் 11. உங்கள் லைனில் அதன் தாக்கம், 0 முதல் 1 வரையான அளவில், 0.2 என்று மதிப்பிட்டால்:

(11−1) × 0.2 + 1 = 3
0.02 × 3 = 0.06

அந்த 0.2தான் வம்பு பிடித்தது, ஆளுக்கு ஆள் மாறும். மூன்று பேரைத் தனித்தனியாக மதிப்பிடச் சொல்லுங்கள். ஒருவராவது இரவு ஷிப்டில் லேபல் ஒட்டுகிறவராக இருக்கட்டும், ஆபீஸ் ஆட்கள் மட்டும் வேண்டாம். பெயர் எழுத மாட்டோம் என்று முன்மொழிவிலேயே சொல்லிவிடுங்கள். வார்னிங் லெட்டருக்குப் பயந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அப்புறம், இது அணுமின் துறையில் பிறந்த முறை. 0.06-ஐ உங்கள் லைனின் உண்மையான விகிதமென்று எழுதாதீர்கள். பகல், இரவு ஷிப்டுகளை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.