நரம்பு டாக்டர் பதில்கள்: ஹிப்னாடிசம் செய்தால் ஃபிட்ஸ் வருமா?

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. பிளஸ் ஒன் படிக்கும்போது காலையில் அடிக்கடி கை வெட்டி இழுக்கும், காபி டம்ளர் நழுவி விழும். கவனமில்லை என்று திட்டியிருக்கிறேன். ஒருநாள் முழு ஃபிட்ஸாகவே வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. இப்போது லெவெடிரசெட்டம் 500, காலையும் இரவும். இரண்டு வருடமாக ஒன்றும் வரவில்லை. வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். தேர்வு அறைக்குள் போனாலே உடம்பு நடுங்கி எல்லாம் மறந்துவிடுகிறதாம். எங்கள் ஊரில் ஹிப்னாடிசம் செய்கிற ஒருவர், ஆறு சிட்டிங்கில் பயம் போகும், ஃபிட்ஸும் போகும், மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திவிடலாம் என்கிறார். ஃபிட்ஸ் உள்ளவர்களுக்கு ஹிப்னாடிசம் செய்தால் திரும்ப வந்துவிடும் என்கிறாள் என் நாத்தனார். வரன் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறோம். என்ன செய்யலாம்?
(பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்)

பதில்: அம்மா, உங்கள் நாத்தனார் சொல்வது முழுக்கச் சரியில்லை. அந்த ஹிப்னாடிசக்காரர் சொல்வதில் பாதிக்கு மேல் சரியில்லை. ‘மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திவிடலாம்’ என்ற வரியைப் படித்ததும் மற்ற கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நாத்தனாரின் பயம். ஹிப்னாடிசம் என்பது தூக்கமும் இல்லை, மயக்கமும் இல்லை. 1840-களில் இதற்குப் பெயர் வைத்த மான்செஸ்டர் டாக்டர் ஜேம்ஸ் பிரெய்டு தூக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார். சில வருடங்களிலேயே பொருத்தமில்லை என்று தோன்றி, பெயரை மாற்றவும் பார்த்தார். அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த நிலையில் ஈ.ஈ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) எடுத்தால் தூங்குகிறவரின் பதிவைப் போல இருக்காது, விழித்திருப்பவரின் பதிவைப் போலத்தான் இருக்கும். ஒருவர் நிதானமாகப் பேச, இன்னொருவர் கண்ணை மூடிக் கேட்பதால் மட்டும் வலிப்பு கிளம்பும் என்று சொல்ல நல்ல ஆதாரம் கிடையாது.

ஆனால் பேச்சோடு சேர்த்து அவர் வேறு என்னென்ன செய்கிறார் என்று கேட்க வேண்டும். உங்கள் மகளுக்கு ஈ.ஈ.ஜி. எடுத்த நாளை நினைத்துப் பாருங்கள். தலையில் பசை வைத்து ஒயர் ஒட்டிய டெக்னீஷியன், மூன்று நிமிடம் வேகமாக மூச்சை இழுத்து விடச் சொல்லியிருப்பார். அப்புறம் முகத்துக்கு நேரே பளிச் பளிச்சென்று விளக்கை அடித்திருப்பார். முந்தின இரவு குறைவாகத் தூங்கச் சொல்லியும் அனுப்பியிருக்கலாம். இதெல்லாம் உள்ளே ஒளிந்திருக்கும் வலிப்பு அலையை வெளியே இழுக்க நாங்கள் வேண்டுமென்றே செய்கிற வேலை. பக்கத்திலேயே ஊசியும் மருந்தும் இருக்கும். இதே வேக மூச்சையும் மின்னும் விளக்கையும் ‘ஆழ்நிலைக்குக் கொண்டுபோகிறேன்’ என்று ஒருவர் வாடகை அறையில் செய்தால் அது வேறு கதை. அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் சொல்லும் டம்ளர் கதையை வைத்துப் பார்த்தால், உங்கள் மகளுக்கு இருப்பது பதின்ம வயதில் தொடங்கி, தூங்கி எழுந்த கொஞ்ச நேரத்தில் கையை வெட்டி இழுக்கும் வகை என்று நினைக்கிறேன். உங்கள் டாக்டர் ‘ஜே.எம்.இ.’ என்று சீட்டில் எழுதியிருப்பார், பாருங்கள். இந்த வகைக்குத் தூக்கம் கெடுவதுதான் முதல் எதிரி. விளக்கு மின்னினால் வலிப்பு வருவதும் இந்த வகையில் அதிகம். குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால்கூடச் சிலருக்குக் கை இழுக்கும். அதனால் இரவெல்லாம் படித்துவிட்டு, காலை எட்டு மணிக்குச் சாய்வு நாற்காலியில் படுத்து, அப்படியே தூங்கிப்போய், ‘மூன்று, இரண்டு, ஒன்று, கண்ணைத் திற’ என்று எழுப்பப்படுவது இவளுக்கு வேண்டாம். முந்தின இரவு நன்றாகத் தூங்கிய நாளில், மாலை நேரத்தில், நடுவில் அவள் தூங்கிப்போகாமல் பார்த்துக்கொண்டு ஹிப்னாடிசம் செய்தால் போதும்.

இப்போது மாத்திரை. ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை ஒருவரை, பைக்கிலிருந்து விழுந்தார் என்று நான் வேலை பார்த்த வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாக்கு கடிபட்டிருந்தது. மாத்திரை ஒழுங்காகப் போட்டேன் என்று சாதித்தார். அவர் மனைவி ஒன்றும் பேசாமல் பையைத் திறந்து ஸ்ட்ரிப்பை எடுத்து என் மேஜையில் வைத்தார். பத்து மாத்திரை, ஒன்றுகூடப் பிதுக்கப்படவில்லை. ஹிப்னாடிசத்துக்குப் போன இடத்தில், நான்காவது சிட்டிங்கிலேயே ‘இனி உனக்குத் தேவையில்லை’ என்று சொல்லிவிட்டார்களாம். அந்தக் குரலைப் போனில் பதிவுசெய்து தினமும் இரவில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். குரலில் குற்றமில்லை, கேட்க இதமாகத்தான் இருந்தது.

ஹிப்னாடிசத்தால் வலிப்பு நோய் குணமாகும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. மனப்பயிற்சிகள் வலிப்பைக் கட்டுப்படுத்துமா என்று உலகளவில் வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பீடு ஒன்று உண்டு. அதை எழுதியவர்களில் சென்னை நரம்பியல் டாக்டர் ஒருவரும் இருக்கிறார். சிகிச்சையாகச் சிபாரிசு செய்யும் அளவுக்கு ஆதாரம் போதாது என்றுதான் அதில் முடித்திருக்கிறார்கள். உங்கள் மகளின் வகை மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும். இரண்டு வருட நிம்மதி அந்த மாத்திரை வாங்கித் தந்தது.

தேர்வு பயத்துக்கு ஹிப்னாடிசம் செய்துகொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. மனநல டாக்டரிடமோ, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு பெற்ற உளவியலாளரிடமோ போங்கள். ஃபிட்ஸ் இருப்பதை மறைக்காதீர்கள். மாத்திரையைப் பற்றி அவர் வாயே திறக்கக் கூடாது. அங்கே ஃபிட்ஸ் வந்தால் என்ன செய்வீர்கள் என்று நேராகக் கேளுங்கள். ஒருக்களித்துப் படுக்கவைப்பேன், வாயில் எதையும் திணிக்க மாட்டேன், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுவேன் என்றால் உட்காரலாம். கையில் சாவிக்கொத்து கொடுப்பேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று: லெவெடிரசெட்டம் சிலருக்கு எரிச்சல், பதற்றம் தரும். பயம் மாத்திரைக்கு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா என்று மகளிடம் கேட்டு, உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வரன் விஷயம்: இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்ததை 1999-இல் நீக்கிவிட்டார்கள். சொல்லியே பேசுங்கள். மறைத்தால் புது வீட்டில் மாத்திரையை ஒளித்து ஒளித்துப் போட வேண்டியிருக்கும், வேளை தப்பும். நிச்சயமானதும் ஒருமுறை டாக்டரைப் பார்த்து, குழந்தைப்பேறுக்கு முன் போடவேண்டிய ஃபோலிக் ஆசிட் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆறு வருடமாக என் மனைவிக்கு ஃபிட்ஸ். மூன்று வகை மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை. இது வலிப்பே இல்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது, ஹிப்னாடிசம் செய்து பார்க்கலாம் என்கிறார் மனநல டாக்டர். அப்படியானால் இத்தனை நாள் நடித்தாளா?
(ஒரு கணவர், விருதுநகர்)

பதில்: இல்லை ஐயா, நடிக்கவில்லை. அந்த வார்த்தையை வீட்டில் சொல்லிவிடாதீர்கள். மனதின் அழுத்தம் உடம்பு வழியாக வெளிவரும்போது அச்சு அசல் வலிப்பு போலவே இருக்கும், அவர் கட்டுப்பாட்டில் இருக்காது. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் சார்கோ என்ற நரம்பியல் டாக்டர் இரண்டையும் பிரித்துப் பார்க்கப் படாத பாடு பட்டார். இன்றைக்கு வீடியோ ஈ.ஈ.ஜி. இருக்கிறது. கேமரா ஓட, தலையில் ஒயரோடு இருக்கும்போது வந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தானாக வராதபோது, பேச்சாலோ ஹிப்னாடிசத்தாலோ வரவழைத்துப் பார்ப்பதும் உண்டு. உங்கள் டாக்டர் அதைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். மருத்துவமனையில் நடக்கட்டும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அதனால் முடிவு கைக்கு வந்து, நரம்பியல் டாக்டர் சொல்லும்வரை அந்த மூன்று மாத்திரையில் ஒன்றையும் நிறுத்தாதீர்கள். அடுத்த முறை வரும்போது மனைவியின் கண் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். போனில் படம் பிடித்தால் இன்னும் நல்லது. டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.