நைஸா அரைச்ச மாவும் நைஸா நழுவுன ஆளும்

கேள்வி: சார், என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. இங்கிலீஷ் கட்டுரைல 'நைஸ்'னு எழுதுன இடத்துல எல்லாம் டீச்சர் சிவப்பு மையால அடிச்சு விட்டிருக்காங்க. நல்ல வார்த்தைதானே? நாம 'நைஸா நழுவிட்டான்'னு சொல்றதும் இதே நைஸ்தானா?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: இப்ப நல்ல வார்த்தைதாம்மா, ஆனா பொறந்தப்போ அது திட்டு. லத்தீன்ல 'நெஸ்கியுஸ்'னா ஒண்ணும் தெரியாதவன், 'நெ'ன்னா இல்ல, 'ஸ்கிரே'ன்னா தெரிஞ்சிருக்கறது, அந்த ஸ்கிரேல இருந்துதான் சயின்ஸும் வந்துச்சு, ஆக நைஸும் சயின்ஸும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. பிரெஞ்சு வழியா 1300 வாக்குல இங்கிலீஷுக்கு வந்தப்போ ஒருத்தர நைஸ்னு சொன்னா முட்டாள்னு அர்த்தம். அப்புறம் கூச்சக்காரன், எதுலயும் நொட்டை பாக்குறவன், நுணுக்கமானதுன்னு மாறி மாறி 18ஆம் நூற்றாண்டுலதான் 'இனிமையானது'க்கு வந்து சேந்துச்சு. நம்ம 'நாற்றம்' இதுக்கு நேர் எதிரா போச்சு பாருங்க, ஆண்டாள் 'நாற்றத் துழாய்முடி'ன்னு பாடுறப்போ அது துளசி வாசம், இப்ப நாத்தம்னாலே மூக்கப் பொத்துறோம்.

டீச்சர் அடிச்சதுலயும் நியாயம் இருக்கு. எல்லாத்துக்கும் நைஸ் போடுறத 1817 கடைசில வந்த 'நார்த்தாங்கர் அபி' நாவல்லயே ஜேன் ஆஸ்டின் ஒரு பாத்திரத்த விட்டுக் கிண்டல் பண்ணிருக்காங்க. பேச்சுல தாராளமா சொல்லட்டும், கட்டுரைல மட்டும் 'நைஸ் பாட்டி'ன்னு எழுதாம பாட்டி என்ன செஞ்சாங்கன்னு எழுதச் சொல்லுங்க.

அந்த 'நுணுக்கம்'ங்குற அர்த்தம் இன்னும் சாகல, 'நைஸ் டிஸ்டிங்ஷன்'னா நூலிழை வித்தியாசம். நம்ம அடுக்களைலயும் அதுதான் உயிரோட இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. கிரைண்டர்ல உளுந்து ஓடுறப்போ கொஞ்சம் வழிச்சு ரெண்டு விரலுக்கு நடுவுல தேச்சுப் பாப்போமே, நறநறன்னு இல்லாம வெண்ணெய் மாதிரி வழுக்குனாதான் 'நைஸா அரைஞ்சிருச்சு'ன்னு நிறுத்துவோம். 'நைய அரைக்கிறது'ன்னு தமிழ்லயே ஒண்ணு ஏற்கெனவே இருந்ததால நைஸ் வந்து அதோட சுலபமா ஒட்டிக்கிச்சுன்னு எனக்குப் படுது.

நழுவுறதும் அதே வழவழப்புதாம்மா, சத்தமில்லாம, யார் கண்ணுலயும் தட்டாம போறது. நைஸா பேசிக் காசு வாங்குறதும் அப்படித்தான். ஆனா இந்த அர்த்தம் இங்கிலீஷ்ல கிடையாது, பொண்ணு கட்டுரைல அத அப்படியே எழுதிடாம பாத்துக்குங்க, அங்க 'ஸ்லிப்ட் அவே'ன்னாதான் சரி.