கூடுதல் சம்பளம் தருகிறார்கள், பள்ளி மாறலாமா?

கேள்வி: தனியார் பள்ளியில் எட்டு வருடமாக அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளையும் பாடத்தையும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஃப்ரீ பீரியடில் எல்லாம் வேறு வகுப்புக்கு அனுப்புகிறார்கள், நோட்டுகளை வீட்டில்தான் திருத்துகிறேன், பெற்றோர் புகார் சொன்னால் என்னை விசாரிக்காமலே கண்டிக்கிறார்கள். இன்னொரு பள்ளியில் சம்பளம் கொஞ்சம் கூடுதல். போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: சம்பளத்தை மட்டும் பார்த்துப் போகாதீர்கள், டீச்சர். சம்பளம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. சேவை, சேவை என்று சொல்லியே ஆசிரியர்களிடம் குறைந்த சம்பளத்துக்கு வேலை வாங்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர், பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் விசாரித்து 1959-இல் ஒன்றைச் சொன்னார்: சம்பளம், மேலதிகாரி, நிர்வாக விதிகள் இவையெல்லாம் மோசமாக இருந்தால் வெறுப்பு வரும், சரியானால் வெறுப்பு அடங்கும், அவ்வளவுதான், மனநிறைவு வருவது செய்கிற வேலையிலிருந்தும் அதில் கிடைக்கிற பலன், பாராட்டு, பொறுப்பு இவற்றிலிருந்தும். இதை மறுத்தவர்களும் உண்டு. உங்கள் விஷயத்தில் பொருந்துகிறது என்றே நினைக்கிறேன்.

உங்கள் மூன்று குறைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது கடைசியில் சொன்னதுதான். பெற்றோர் கட்டுகிற ஃபீஸில்தான் பள்ளி ஓடுகிறது என்பதால், புகார் வந்தவுடன் நிர்வாகம் பயந்துபோய் ஆசிரியர் பக்கம் என்ன நடந்தது என்றுகூடக் கேட்பதில்லை, அப்படி நாலு முறை தனியாக விடப்பட்டவர் அப்புறம் ஒரு புது சோதனையை வகுப்பில் செய்துகாட்டவும் தயங்குவார், மதிப்பெண்ணை நேர்மையாகப் போடவும் தயங்குவார். உங்களுக்குப் பிடித்த அந்தக் கற்பித்தலே அப்போது போய்விடும்.

நேரம் கேட்பதைச் சலுகை கேட்பதாக நினைக்க வேண்டாம். யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 1966-இல் வெளியிட்ட பரிந்துரை தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பொருந்தும். பாடம் தயாரிக்கவும் திருத்தவும் ஆகிற நேரத்தையும் பார்த்துத்தான் வேலை நேரத்தை முடிவு செய்ய வேண்டும் என்கிறது அது. சட்டம் இல்லைதான், ஆனால் தலைமை ஆசிரியரிடம் பேசும்போது தெம்பு கொடுக்கும். முதலில் பேசிப் பாருங்கள், வாரத்துக்கு இத்தனை ஃப்ரீ பீரியடைத் தொட வேண்டாம் என்று ஒன்றை மட்டும் கேளுங்கள்.

மசியவில்லையா, சரி, புதுப் பள்ளியையும் விசாரியுங்கள்: வாரத்துக்கு எத்தனை பீரியட், புகார் வந்தால் முதலில் யாரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், மாணவர் சேர்க்கைக்கு ஆள் பிடிக்கச் சொல்வார்களா. அங்கிருந்து விலகிய ஓர் ஆசிரியரிடம் பேசினால் பாதி தெரிந்துவிடும். விடுமுறை மாதங்களுக்கும் சம்பளம் உண்டா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லையென்றால் வருடக் கணக்கில் அந்தக் கூடுதல் சம்பளமே காணாமல் போய்விடலாம்.