குழுவில் சேரலாமா? மனநலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இரண்டு வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போன முறை டாக்டர், "ஏதாவது ஒரு குரூப்பில் சேருங்கள், நல்லது" என்றார். எந்த குரூப், எங்கே என்று கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

பதில்: டாக்டர் சொன்னது இரண்டில் ஒன்றாக இருக்கும். எது என்று தெரியாமல் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும்.

ஒன்று, ஆதரவுக் குழு. அதே பிரச்சினையோடு வாழ்கிறவர்களே நடத்துவார்கள். பெரும்பாலும் கட்டணம் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் சேரலாம். ஒரு வாரம் போகாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். மற்றொன்று, குழு சிகிச்சை. பயிற்சி பெற்ற உளவியலாளரோ மனநல சமூகப் பணியாளரோ நடத்துவது. வழக்கமாக 6 முதல் 10 பேர், வாரம் ஒருமுறை, சுமார் 90 நிமிடம். சேர்ப்பதற்கு முன் உங்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார்கள். மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத்தரும் சிபிடி குழுக்கள் பெரும்பாலும் 8 முதல் 16 வாரத்தில் முடிந்துவிடும். கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் டிபிடி குழுவில் ஒரு சுற்று முடியவே ஏறக்குறைய 24 வாரம் ஆகும்.

மாத்திரையில் ஓரளவு நிலைப்பட்டுவிட்டது, தனிமைதான் வாட்டுகிறது என்றால் ஆதரவுக் குழுவே போதும். காலையில் எழுந்திருப்பதும் வேலைக்குக் கிளம்புவதுமே இன்னும் பாடாக இருக்கிறது என்றால் குழு சிகிச்சையைத் தேடுங்கள். இரண்டிலும் சேர்ந்து போகிறவர்களும் உண்டு.

தேடும்போது கூகுளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆதரவுக் குழுக்களைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். ஒருவர் ஊர் மாறினாலே குழு நின்றுவிடும், ஆனால் இணையத்தில் அதன் பெயர் வருடக்கணக்கில் கிடக்கும். முதலில் உங்கள் மருத்துவமனையில் மனநல சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். டாக்டருக்குத் தெரியாத குழுக்கள்கூட அவருக்குத் தெரிந்திருக்கும், ஏனென்றால் ஆட்களை அனுப்பிவைப்பது அவர் வேலை. அடுத்து, பல்கலைக்கழகங்களின் உளவியல் துறை. அங்கே பயிற்சி கிளினிக் இருந்தால், மேற்படிப்பு மாணவர்கள் மூத்தவர்களின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் குழுக்கள் நடத்துவார்கள். பிறகு, உங்கள் நோய்க்கென்று இருக்கும் சங்கங்கள். நூலகம், சமூகக் கூடம், வழிபாட்டுத் தலம் ஆகியவற்றின் அறிவிப்புப் பலகையையும் பாருங்கள். பல குழுக்கள் கூடுவதே அங்குள்ள அறைகளில்தான்.

தொலைபேசி எண் கிடைத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "கடைசியாக எப்போது கூடினீர்கள்?" குழு சிகிச்சையில் இடமில்லை என்றால் போனை வைத்துவிடாதீர்கள். சுற்று சுற்றாக நடப்பவை அவை. அடுத்த சுற்று எப்போது என்று கேட்டுப் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: நல்ல குழுவா, ஏமாற்றா என்று போனிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். யார் நடத்துகிறார், என்ன பயிற்சி, அவருக்கு மேற்பார்வையாளர் உண்டா என்று கேளுங்கள். புதியவர்களை இடையில் சேர்ப்பார்களா, முதல் நாள் பேசாமல் உட்கார்ந்திருக்கலாமா, வராத வாரத்துக்கும் பணம் கட்ட வேண்டுமா என்பதையும் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: "கூட்டத்தில் ஒருவர் தற்கொலை எண்ணம் இருப்பதாகச் சொன்னால் என்ன செய்வீர்கள்?" நன்றாக நடக்கும் குழுவில் இதற்குத் தயங்காமல், படிப்படியாகப் பதில் வரும். "இங்கே அப்படியெல்லாம் நடக்காது" என்று பதில் வந்தால் வேறு குழுவைப் பாருங்கள்.

"குழு சிகிச்சை" என்று சொல்லிவிட்டு, முன்நேர்காணல் இல்லாமல் பணம் வாங்கிச் சேர்த்துக்கொண்டால் அது நல்ல அறிகுறி அல்ல. யாரை இப்போது சேர்க்கக் கூடாது என்று பார்ப்பதற்குத்தான் அந்த நேர்காணல். மேனியா (கட்டுக்கடங்காத உற்சாகமும் பரபரப்பும்) உச்சத்தில் இருப்பவர், போதையில் வருபவர், உயிருக்கு உடனடி ஆபத்தில் இருப்பவர் ஆகியோருக்கு முதலில் தனிச் சிகிச்சைதான் வேண்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் குழு, பொருள் விற்கும் குழு, "வெளியே யாரிடமும் உதவி கேட்காதீர்கள்" என்னும் குழு ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: இரண்டு வாரம் போனேன். மற்றவர்கள் கதையைக் கேட்டுக் கேட்டு மனசு இன்னும் கனத்துப்போனது. தொடர்வதா, நிறுத்துவதா?

பதில்: குழுவை விட்டுப் போகிறவர்களில் பலர் முதல் சில வாரங்களிலேயே போய்விடுகிறார்கள். முகம் பழகுவதற்கே மூன்று நான்கு அமர்வு ஆகும். அதனால் பாதுகாப்பான குழு என்றால் நான்கு முறையாவது போய்ப் பார்ப்பதுதான் எங்கள் யோசனை. ஆனால் கனத்துப்போவதிலும் வகை உண்டு.

கூட்டம் முடிந்த இரவு கனமாக இருந்து, மறுநாள் மதியத்துக்குள் லேசாகிவிட்டால் அது வழக்கமானதுதான். நாட்கணக்கில் தூக்கம் கெடுகிறது, பழைய காட்சிகள் கண்முன் ஓடுகின்றன, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வருகிறது என்றால் அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்காமல் நடத்துபவரிடமும் உங்கள் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

குழுவின் கோளாறும் காரணமாக இருக்கலாம். ஒரே ஆள் நாற்பது நிமிடம் பேச, நடத்துபவர் தலையாட்டிக்கொண்டிருக்கிறாரா? அது அவருடைய தவறு. "நன்றி, இப்போது மற்றவர்களையும் கேட்போம்" என்று இடைமறிப்பது அவர் கடமை. தற்கொலை முயற்சியை எந்த முறையில், எவ்வளவு மாத்திரையில் செய்தேன் என்று ஒருவர் விவரித்தால் உடனே நிறுத்த வேண்டும். உணவுப் பழக்கக் கோளாறு குழுவில் எடை, கலோரி என்று எந்த எண்ணும் வாயில் வரக் கூடாது. கேட்கிறவர் அதைத் தன் இலக்காக எடுத்துக்கொண்டுவிடுவார். விபத்தோ வன்முறையோ நடந்த சில நாட்களிலேயே எல்லோரையும் கூட்டி, நடந்ததை வரி விடாமல் சொல்லச் சொல்வதும் வேண்டாத வேலை. அப்படி ஒரே அமர்வில் கொட்டவைப்பது பின்னால் வரும் மனவடுவைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடியலாம் என்று ஆய்வுகள் காட்டிய பிறகு, வல்லுநர்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

விலகுவதென்று முடிவு செய்தால், ஆதரவுக் குழுவிலிருந்து சொல்லாமலேயே நின்றுகொள்ளலாம். இடையில் புதியவர்களைச் சேர்க்காத மூடிய சிகிச்சைக் குழு என்றால் கடைசியாக ஒருமுறை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். காலியான நாற்காலியைப் பார்த்து "நாம் சொன்னது ஏதோ புண்படுத்திவிட்டது" என்று மற்றவர்கள் மருகுவார்கள்.

கேள்வி: எனக்குக் குடிப்பழக்கம் இருக்கிறது. கூட்டத்தில் தெரிந்த முகம் இருந்தால் என்ன செய்வது? சொன்னது வெளியே போகாதா, ஐயா?

பதில்: வெளியே போகாது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. நடத்துபவர் தொழில்முறையாளர் என்றால் ரகசியம் காப்பது அவருடைய தொழில் விதி. உடன் உட்கார்ந்திருப்பவர்களை அப்படிப்பட்ட விதி கட்டுப்படுத்தாது, கொடுத்த வாக்குறுதிதான் கட்டுப்படுத்தும். ஆகவே முதல் சில கூட்டங்களில் அலுவலகத்தின் பெயர், குடும்பத்தார் பெயர், தெரு ஆகியவற்றைத் தவிர்த்துப் பேசுங்கள்.

1935-இல் அமெரிக்காவின் ஏக்ரனில் தொடங்கிய, குடியை விட விரும்புகிறவர்களின் ஆதரவு அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இந்தச் சிக்கலுக்குத்தான் பெயர் மறைக்கும் வழக்கத்தை வைத்திருக்கிறது. அங்கே திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். மூடிய கூட்டத்துக்குக் குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் மட்டும். உங்களுக்கு மூடிய கூட்டம்தான் சரி. தெரிந்த முகம் இருந்தாலும், அவர் வந்திருப்பதும் உங்களைப் போன்ற காரணத்துக்காகத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: நெடுநாள் அதிகமாகக் குடித்தவர்கள் கூட்டத்தின் உற்சாகத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் உளறலும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு ஓசிடி, வேண்டாத சந்தேகம் விடாமல் வந்து, அதைத் தணிக்க ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய். வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருக்கிறேன். "கதவைப் பூட்டினேனா, சந்தேகமாக இருக்கிறது" என்று போட்டால் பத்துப் பேர் ஆறுதல் சொல்கிறார்கள். ஆனாலும் நோய் குறையவில்லையே?

பதில்: குறையாததற்குக் காரணம் அந்த ஆறுதல்தான். "ஒன்றும் ஆகாது" என்று பிறர் வாயால் கேட்பது, கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பதற்குச் சமம். பத்து நிமிடம் நிம்மதி, பிறகு சந்தேகம் இன்னும் பலமாகத் திரும்பும். குழுவில் ஒரு விதி போடச் சொல்லுங்கள்: உறுதி கேட்டால் யாரும் உறுதி தரக் கூடாது, "இது ஓசிடி கேட்கும் கேள்வி, பதில் சொல்லாமல் உன்னோடு இருக்கிறேன்" என்று மட்டும் எழுதலாம். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், சந்தேகத்தை எதிர்கொண்டு, சரிபார்க்காமல் இருக்கப் பழக்கும் இஆர்பி முறையில் நடக்கும் சிகிச்சைக் குழுவுக்கு மாறுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்). எந்தக் குழுவுக்கும் வர மாட்டேன் என்கிறான். நான் மட்டும் போய் என்ன பயன்?

பதில்: அம்மா, நீங்கள் மட்டும் போனாலும் அவருக்குப் பயன் உண்டு. ஓயாத குறை சொல்லலும் கோபமும் அளவு மீறிய பொத்திப் பாதுகாப்பும் உள்ள வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்பது லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிவைத்த ஆய்வுகளிலிருந்து பலமுறை உறுதியான செய்தி. நோய்க்கு நீங்கள் காரணம் என்று இதற்குப் பொருளில்லை. "எழுந்து குளிக்கக்கூட மாட்டாயா?" என்பதை "பத்து மணிக்குள் குளித்துவிட்டால் சேர்ந்து வெளியே போகலாம்" என்று மாற்றுவது கற்றுக்கொள்ளக் கூடிய வித்தை. குடும்பக் குழுக்களில் அதைத்தான் சொல்லித்தருகிறார்கள். மகனை வற்புறுத்த வேண்டாம். அவருக்குக் குரல்கள் கேட்கின்றன என்றால், குரல் கேட்பவர்களே கூடிப் பேசும் குழுக்கள் பல நாடுகளில் உண்டு. நெதர்லாந்தில் மனநல மருத்துவர் மரியஸ் ரோமின் முயற்சியில் 1980-களில் தொடங்கியவை. அங்கே குரலைப் "பொய்" என்று யாரும் வாதிட மாட்டார்கள் என்பதாலேயே சிலர் வர ஒப்புக்கொள்கிறார்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் குழுவே இல்லை. இருமுனைக் கோளாறு (மேனியாவும் மனச்சோர்வும் மாறி மாறி வருவது) உள்ள நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒன்று தொடங்கலாமா?

பதில்: மூன்று பேர் தாராளம். ஆனால் வெறுமனே கூடிப் பேசுவதோடு நிறுத்தாதீர்கள். பார்சிலோனாவில் இதே நோய் உள்ள 120 பேரை இரண்டாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். இரு பக்கமும் குழுக்களாகக் கூடி 21 அமர்வுகள்; ஒரு பக்கம் பாடத்திட்டத்தோடு, மறுபக்கம் திட்டமில்லாத பேச்சு. 2003-இல் வெளியான முடிவில், பாடத்தோடு கூடியவர்களுக்கே நோய் திரும்புவது குறைந்திருந்தது. உங்கள் பாடங்கள்: தூக்க நேரம், மாத்திரை, நோய் திரும்புவதன் முன்னறிகுறிகள், வீட்டாரிடம் என்ன சொல்லி வைப்பது.

கதவு மூடக்கூடிய அறை வேண்டும். வீட்டில் நடத்தாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரம். 90 நிமிடத்தில் விதிகளை வாசிக்க 10, ஆளுக்கு ஓரிரு நிமிடமாகச் சுற்றிவர 20, பாடத்துக்கும் பேச்சுக்கும் 45, முடிக்க 15. கடைசிப் பதினைந்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். அழுதவர் அழுத முகத்தோடே வெளியே போகக் கூடாது. 12 பேரைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள்.

மாத்திரை அளவைப் பற்றி யாரும் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. கடன் கொடுக்கல் வாங்கல் கூடாது. நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் எழுப்புவதும் கூடாது. தூக்கம் கெடுவது உங்கள் நோய்க்கு நெருப்பு. அவசர எண், அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவு, ஒவ்வொருவரும் தம் வீட்டில் யாரை அழைக்கச் சொல்கிறார் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி அறையில் வையுங்கள். நடத்துபவர் எப்போதும் இருவராக இருக்க வேண்டும்: ஒருவர் தவித்துப்போனால் ஒரு நடத்துபவர் அவரோடு வெளியே போவார், மற்றவர் அறையில் இருப்பார். நடத்துபவருக்கே நோய் திரும்பலாம் என்பதால் மூன்றாவது ஆளை முதல் மாதத்திலிருந்தே பழக்குங்கள். நலம் குன்றியவர் மீண்டதும் சில கூட்டங்களுக்குச் சாதாரண உறுப்பினராக மட்டும் உட்காரட்டும்.