கேளுங்கோ அக்கா: நாடகம் படிச்சு என்ன செய்யிற?

கேள்வி: அக்கா, என்ட மகளுக்கு ஏ.எல்.ல நாடகமும் அரங்கியலும் பாடத்துக்கு ஏ வந்திருக்கு. கம்பஸ்லயும் அதைத்தான் படிப்பன் எண்டு நிக்கிறா. அவட அப்பா "கூத்தாடவா உன்னைப் படிப்பிச்சனான்" எண்டு கேட்டுப்போட்டு ரெண்டு கிழமையா பிள்ளையோட கதைக்கிறேல்ல. நான் என்ன செய்யிற?
- ஒரு தாய், உப்புவெளி

பதில்: தங்கச்சி, அவரோட சண்டை பிடிக்காதீங்கோ. பிள்ளை நாளைக்கு என்னத்த வைச்சுச் சீவிக்கும் எண்டு தகப்பன் பயப்பிடுறது நியாயம்தான், அதுக்குப் பிறகு வாறன். ஆனா "கூத்தாட" எண்ட அந்தச் சொல்ல என்னால சும்மா விட ஏலாது. 1960கள்ல பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்த பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு போனவர், அதில கம்பஸ் பிள்ளையள்தான் ஆடினது, இராவணனா ஆடின மௌனகுரு பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியரா இருந்தவர். எங்கட திருகோணமலை இந்துக் கல்லூரியில அதிபரா இருந்த விபுலாநந்த அடிகள் நாடகத்தப் பற்றியே மதங்கசூளாமணி எண்டு ஒரு நூல் எழுதினவர், ஷேக்ஸ்பியரையும் தசரூபகம் எண்ட வடமொழி நாடக இலக்கண நூலையும் ஒண்டா வைச்சு ஆராய்ஞ்ச நூல், அது வந்தது 1926ல. ஒரு துறவிக்கு இது இளக்காரமாத் தெரியேல்ல. இண்டைக்கு மட்டக்களப்புக் கல்லடியில பிள்ளையள் நாடகம் படிக்கிற அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கு அவர்ட பேர்தான் இருக்கு.

இனி, படிச்சா என்ன பிரயோசனம் எண்டதுக்கு நான் கண்ணால கண்டதச் சொல்லுறன். மூதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேற அலுவலாப் போனனான், ஒன்பதாம் வகுப்பில ஒரு ரீச்சர், நாடகம் படிச்ச பட்டதாரி, மேசை கதிரையெல்லாம் சுவரோரமா ஒதுக்கிப்போட்டு "கதைக்கக் கூடாது, உங்கட வீட்டு இரவச் செய்து காட்டுங்கோ" எண்டா. ஒரு பிள்ளை எழும்பி வந்து மூண்டு பேரச் சிலை மாதிரி நிப்பாட்டினா. அம்மா அடுப்படியில குனிஞ்சபடி, ஆனா முகம் வாசலப் பாத்தபடி. அப்பா முதுகக் காட்டிக்கொண்டு, கையில போனோட. நடுவில கொப்பியோட ஒரு பிள்ளை. அவ்வளவுதான், ஒரு சொல்லும் இல்ல, வகுப்பே அடங்கிப் போச்சு. பிறகு ரீச்சர் "இதில ஒரே ஒரு விசயத்த மாத்தலாம் எண்டா எத மாத்துவீங்கள்?" எண்டு கேக்க, பின்னுக்கு இருந்த ஒரு பெடியன் எழும்பி வந்து அப்பாட தலைய மட்டும் மெல்லமா பிள்ளையிட பக்கம் திருப்பி விட்டுட்டுப் போய் இருந்தான். எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு.

இது படிம அரங்கு, பிரேசில் நாட்டு அகஸ்தோ போவால் வளர்த்தெடுத்த முறை. பாக்க லேசு மாதிரித்தான் இருக்கு, ஆனா ஒரு பிள்ளை அழத் தொடங்கினா எங்க நிப்பாட்டுறது, என்னத்தக் கேக்கக் கூடாது எண்டெல்லாம் அந்த ரீச்சருக்குத் தெரிஞ்சிருந்திச்சு. "இத நாங்க கம்பஸ்ல எங்கட உடம்பில செய்து பாத்துத்தான் மிஸ் படிச்சனாங்கள்" எண்டா. யுத்தமும் சுனாமியும் பாத்த எங்கட மாவட்டத்துக்கு இப்பிடி ஆக்கள் எத்தினை பேர் வேணும் எண்டு நினைச்சுப் பாருங்கோ.

வேலை எண்டு பாத்தா நாடக ஆசிரியர், கலாசார உத்தியோகத்தர், றேடியோ, ரீவி, சிறுவர்களோட வேலை செய்யிற நிறுவனங்கள் எண்டு இருக்கு. நியமனத்துக்குக் காத்திருக்கத்தான் வேணும், அத மறைக்க மாட்டன். ஆனா மற்ற ஆர்ட்ஸ் பட்டதாரியும் அதே வரிசையிலதான் நிக்கிறார். படிக்கேக்கயே சிங்களத்தையும் இங்கிலீஷையும் பிடிச்சுக்கொள்ளச் சொல்லுங்கோ. கம்பஸ் பிள்ளையள் நாடகம் போடுற நாளில அவரையும் கூட்டிக்கொண்டு போய் முன் வரிசையில இருத்துங்கோ.

கேள்வி: நான் யூடியூப்ல ஷார்ட் ஃபிலிம் நடிக்கிறனான், நல்ல வியூஸ் வருது. பிறகு எதுக்கு நாலு வருசம் படிக்க வேணும்?
- ஒரு தம்பி, கிண்ணியா

பதில்: தம்பி, நடிக்கிறத விடாதீங்கோ. ஆனா கமராவுக்கு முன்னால பிழைச்சா திருப்பி எடுக்கலாம், கூத்தாடுற களரியில ஏலாது. ஒரு வடமோடிக் கூத்துக்கு (மட்டக்களப்புக் கூத்தில ஒரு வகை) அண்ணாவியார், அதுதான் கூத்துப் பழக்கிறவர், சட்டங்கொடுத்து (ஆடுறவைக்கு அவையிட பாட்டுப் பகுதிய எழுதிக் குடுத்து), மாசக்கணக்கா இரவிரவா ஆட்டம் பழக்கி, சதங்கை கட்டித்தான் அரங்கேற்றத்துக்கு விடுவார். மத்தளம் ஒரு பக்கம் போக கால் இன்னொரு பக்கம் போனா முழுச் சனத்துக்கும் தெரியும். கம்பஸ்ல அந்த ஆட்டத்தோட கிரேக்க நாடகமும் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டும் லைட்டிங்கும் ஒப்பனையும் சேந்து வரும், நீங்க நடிக்காத நாளில இன்னொருத்தருக்குத் திரை இழுக்கவும் வேணும். திரை இழுக்க உங்களுக்கு மனம் வருமெண்டா போங்கோ, வராதெண்டா இன்னும் கட்டாயமாப் போங்கோ.

கேள்வி: நாடகம் படிக்கக் கம்பஸ்க்கு விண்ணப்பிக்கேக்க எத முக்கியமாப் பாக்க வேணும்? மட்டக்களப்பு தூரம் எண்டு வீட்டில யோசிக்கினம்.
- ஒரு மாணவி, தம்பலகாமம்

பதில்: ஏ.எல். புள்ளிய வைச்சுக் கணிக்கிற இசட் ஸ்கோர் மட்டும் காணாது, உளச்சார்புப் பரீட்சையும் (அப்டிட்யூட் டெஸ்ட்) இருக்கு, அதுக்கு அறிவித்தல் தனியா வரும், தவறவிட்டா அந்த வருசம் போச்சு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுட கைநூல வரி வரியா வாசியுங்கோ. தூரத்த யோசிக்காதீங்கோ. முந்தி அந்த ரோட்டில பாதை எண்ட மிதவைப் படகில ஏறி ஏறித்தான் ஆறு கடக்க வேணும், 2009ல கிண்ணியாப் பாலமும், அதுக்குப் பிறகு மற்றப் பாலங்களும் திறந்தாப் பிறகு மூதூர், வெருகல், வாகரை எண்டு நேர பஸ். விடியக் காலமை ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கல்லடியில நிப்பீங்கள்.