பிளேஸ்டேஷன் கேம்கள் பிசிக்கு வர ஏன் வருடக்கணக்கில் ஆகிறது? அப்படியே மாற்றிக் கொடுத்தால் போதாதா?

போதாது. பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டிலும் இருப்பது பிசியில் இருக்கும் அதே வகை ஏஎம்டி சிப்தான், அதனால் உங்களுக்கு அப்படித் தோன்றுவது நியாயம். வேலை இழுப்பது வேறு இடத்தில்.

கன்சோலில் எல்லார் வீட்டிலும் ஒரே கிராபிக்ஸ் சிப். வெளிச்சம், நிழல், தண்ணீர் எல்லாம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் ஷேடர்களை ஸ்டுடியோவிலேயே கம்பைல் செய்து, அதாவது அந்தச் சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி, அனுப்பிவிடலாம். பிசியில் யாரிடம் என்ன கிராபிக்ஸ் கார்டு, அதை இயக்கும் எந்த டிரைவர் மென்பொருள் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் அந்த வேலை உங்கள் மெஷினில்தான் நடக்க வேண்டும். விளையாடும்போதே நடந்தால் கேம் திக்கித் திக்கி ஓடும்.

'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' 2023 மார்ச்சில் பிசிக்கு வந்தபோது இதை முதலிலேயே முடிக்கப் பார்த்தார்கள். மெனுவில் ஷேடர் சதவீதம் ஊர்ந்துகொண்டே இருந்தது, சிலருக்கு ஒரு மணி நேரத்தையும் தாண்டியது. பிசி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் பணத்தைத் திரும்பக் கேட்க இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்க வேண்டும். காத்திருந்த நேரமும் அந்தக் கணக்கில் சேர்ந்தது! அப்புறம் மெமரி. பிஎஸ்5-ல் 16 ஜிபியும் சிபியு (முதன்மைச் சிப்), ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) இரண்டுக்கும் பொது. பிசியில் இரண்டுக்கும் தனித்தனி என்பதால் 8 ஜிபி கார்டு வைத்திருந்தவர்கள் ரொம்பச் சிரமப்பட்டார்கள்.

இன்னொரு சிக்கல் கேமின் உள்ளேயே இருக்கும். 'டார்க் சோல்ஸ்' 2012-ல் பிசிக்கு வந்தது, ரசிகர்கள் மனுப் போட்டுக் கேட்டு வாங்கியது. மானிட்டர் எவ்வளவு பெரிதானாலும் உள்ளே 720 என்ற குறைவான ரெசல்யூஷனில்தான் ஓடியது. துராந்தே என்ற பெயரில் இயங்கிய ரசிகர் ஒருவர் உடனே அதற்கு ஒரு மாட் (ரசிகர்களே எழுதும் திருத்தம்) போட்டுச் சரிசெய்தார். பிறகு நொடிக்கு 30 ஃபிரேம் (படம்) என்ற பூட்டையும் உடைத்தார்கள். ஆனால் 60 ஃபிரேமில் ஏணியில் சறுக்கி இறங்கினால் சில சமயம் தரையைத் தாண்டிக் கீழே விழுந்து சாக வேண்டியதுதான். தாவும் தூரமும் குறைந்தது. கேமின் இயக்கமே 30-ஐ நம்பி எழுதப்பட்டிருந்தது.

பொறுமையாகச் செய்தால் எப்படி வரும் என்பதற்கு 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' இருக்கிறது. சோனி 2021-ல் வாங்கிய நிக்சஸ் ஸ்டுடியோ அதை பிசிக்கு மாற்றியது, 2024-ல் வந்தது. மூன்று மானிட்டரைச் சேர்த்து வைத்துக்கூட ஆடலாம்.

2015-ல் வந்த 'பிளட்போர்ன்' பிசிக்கு வர வேண்டும் என்று எனக்கும் தீராத ஆசை. அதுவும் 30 ஃபிரேமில் ஓடும் கேம்தான். இன்னும் சில வருடம் ஆனாலும் பரவாயில்லை, அவசரப்பட்டு மட்டும் விட்டுவிடக் கூடாது.