மைலேஜ் மிச்சம் 2,000, இஎம்ஐ 24,000

கேள்வி: திருச்சியில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். 2019 மாருதி சியாஸ் பெட்ரோல் கார் இருக்கிறது. கடன் இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது. மாதம் 750 கி.மீ. ஓடுகிறது, ஊருக்குள் லிட்டருக்கு 14 கி.மீ. கிடைக்கிறது. ஹோண்டா சிட்டி ஹைபிரிட் (பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் உள்ள கார்) வாங்கிய மைத்துனர், "22 கிடைக்கிறது, பெட்ரோல் மிச்சத்திலேயே பாதி இஎம்ஐ போய்விடும்" என்கிறார். சிட்டி, வெர்னா, விர்டஸ் மூன்றின் மைலேஜையும் ஒப்பிட்டு வைத்திருக்கிறேன். 15 லட்சம் கடன் வேண்டும். வீட்டுக்கடனில் டாப்-அப் (அதே கடனின் மேல் கூடுதல் கடன்) எடுத்தால் வட்டி குறைவு என்றும் அவரே சொல்கிறார். முன்பணம் கட்டிவிட்டேன். சியாஸ் விற்பனையே நின்றுவிட்டது, இ20 பெட்ரோலால் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) மைலேஜும் குறைந்துவிட்டது என்பதால் அதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறேன். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். எந்தக் கார் எடுக்கலாம்?

பதில்: மூன்று கார்களை ஒப்பிட்ட நீங்கள், வீட்டில் நிற்கும் நான்காவது காரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. முதலில் அதைச் சேர்ப்போம்.

பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 750 கி.மீ.க்கு சியாஸ் குடிப்பது சுமார் 54 லிட்டர், அதாவது 5,450 ரூபாய். மைத்துனர் சொல்லும் 22-ஐ அப்படியே ஏற்றாலும் ஹைபிரிட்டுக்கு 34 லிட்டர், 3,500 ரூபாய். மிச்சம் மாதம் 2,000-க்குள். 15 லட்சத்தை 9 சதவீதத்தில் ஏழு வருடத்துக்கு எடுத்தால் இஎம்ஐ ஏறக்குறைய 24,100. பாதி எங்கே, பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

அந்த 22-கூட எப்போதும் வராது. ஹைபிரிட்டின் பலம் நின்று நின்று போகும் டிராஃபிக்கில்தான். பிரேக் போடும்போது வீணாகும் சக்தியைப் பிடித்து பேட்டரியில் சேர்த்து, மெதுவாகப் போகும்போது மோட்டாரில் ஓட்டும். நாற்கர சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது என்ஜினே சக்கரத்தைச் சுற்றுகிறது. பெட்ரோல் காரோடு உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும். விளம்பரத்தில் வரும் 27 சொச்சம் ஆய்வகத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்த எண். தில்லைநகரில் ஏசி போட்டு ஓட்டி எடுத்ததல்ல.

மற்ற இரண்டையும் பார்த்துவிடலாம். சிட்டி பெட்ரோல் மேனுவலுக்கு நிறுவனம் சொல்வது 17.8, வெர்னா 1.5 மேனுவலுக்கு 18.6. உங்கள் ஓட்டத்துக்கு இந்த வித்தியாசம் மாதம் 185 ரூபாய். விர்டஸ் 1.0 மேனுவலை 20 என்று வைத்தாலும் சிட்டியைவிட 470 ரூபாய்தான் மிச்சம். இதற்காகவா இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டீர்கள்? மைலேஜை 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிப் பாருங்கள். 14-லிருந்து 18-க்குப் போனால் 1.6 லிட்டர் மிச்சம். 23-லிருந்து 27-க்குப் போனால் 0.65 லிட்டர்தான். இரண்டிலும் ஏறியது அதே 4 கி.மீ. மேலே போகப் போக எண் பெரிதாகத் தெரியும், பணம் குறைவாகத்தான் மிஞ்சும்.

மாதம் 2,000 கி.மீ. ஓடுபவர், அதுவும் ஊருக்குள் ஓடுபவர், எப்படியும் புதுக்கார் வாங்கத்தான் போகிறார் என்றால் ஹைபிரிட்டை யோசிக்கலாம். வரி, பதிவு எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையில் அது பெட்ரோல் சிட்டியைவிடச் சுமார் 4 லட்சம் கூடுதல் என்று வைப்போம். பெட்ரோல் சிட்டிக்கும் ஊருக்குள் 14, ஹைபிரிட்டுக்கு 22 என்றே கொள்வோம். அந்த 4 லட்சம் திரும்பி வர அவருக்கே ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். உங்களுக்குப் பதினேழு வருடம்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது மைலேஜ் அல்ல. ஒரு கார் கடன் முடியும்போதே அடுத்ததைத் தொடங்கப் பார்க்கிறீர்கள். கடன் முடிந்த பிறகு ஓடும் வருடங்களில்தான் கார் உங்களுக்கு மலிவாகிறது. அந்த வருடங்கள் தொடங்கும் நேரத்தில் அதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறேன் என்கிறீர்கள். புதிய சியாஸ் விற்பனை நின்றுபோனால் என்ன? பழையதை அதே மாருதி சர்வீஸ் சென்டரில் பார்க்கிறார்கள். இ20 பெட்ரோலால் மைலேஜ் கொஞ்சம் குறைந்திருக்கும், உண்மைதான். புதுக்காருக்கும் அதே பங்கில் அதே பெட்ரோல்தானே போடப்போகிறீர்கள்?

டாப்-அப் வேண்டவே வேண்டாம். 15 லட்சம், 8.75 சதவீதம், 15 வருடம் என்றால் இஎம்ஐ 15,000 என்று இனிக்கும். மொத்தம் கட்டுவது 27 லட்சம். ஏழு வருட கார் கடனில்கூட 20 லட்சத்துச் சொச்சம்தான். கார் பழைய இரும்புக்குப் போகும் வயதிலும் தவணை ஓடும், அதுவும் வீட்டை அடமானமாக வைத்து. மைத்துனர் நல்ல மனதோடு சொல்லியிருப்பார், சரி. ஆனால் கையெழுத்து உங்களுடையது.

இப்போது கட்டும் தவணை எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 13,000 என்று வைத்தால், கடன் முடிந்த மாதத்திலிருந்தே அதை ஆர்டியில் போடுங்கள். ஒன்றரை வருடத்தில் அசல் மட்டும் 2.34 லட்சம். மகளின் கல்லூரிச் சேர்க்கை அதே நேரத்தில்தான் வரும்.

முன்பணத்தை இந்த வாரமே எழுத்தில் திரும்பக் கேளுங்கள். இன்வாய்ஸ் போடுவதற்கு முன் ரத்து செய்வது எளிது. கொஞ்சம் பிடித்துக்கொண்டு கொடுத்தாலும் வாதாடாமல் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் முதல் மாத இஎம்ஐயைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.